மரபணு காட்டும் குறி

வெளுத்ததெல்லாம் பால் என்று கொள்ளுதல் பேதைமை என்பர் நம் முன்னோர். இவ்வுண்மை மருத்துவத்திற்கும் பொருந்தும். கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ சிலர்க்கு வெண்ணிறப் படலம் ஒன்று தோன்றுவதுண்டு. பெரும்பாலும் அது வலி தருவதில்லை. உண்ணவும் உரைக்கவும் தடையாவதில்லை. ஆயினும், அத்தகைய படலங்களுள் சில, ஆண்டுகள் பல கழிந்தபின் புற்றுநோயாக மாறி உயிர்க்கு இறுதி பயக்கின்றன. பெரும்பாலானவை அவ்வாறு மாறுவதில்லை. மாறுவது எது? மாறாதது எது? கண்ணால் நோக்குவார்க்கு இரண்டும் ஒரே வெண்மையாகவே தோன்றக்கூடும். எல்லாவற்றையும் அறுத்து நீக்கினால் பலர்க்கு வீண் துன்பம். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் சிலர்க்கு உயிர்க்கேடு. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழியை நாடிய அறிஞர், மரபணுக்களின் பக்கம் தம் கருத்தைச் செலுத்தினர்.

மாணவர்களே! நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவ்வுயிரணுக்களுள் மிகப் பலவற்றின் நடுவே உட்கரு ஒன்று உண்டு. அவ்வுட்கருவினுள் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 அடங்கியுள்ளன. உட்கருவைப் பழைய ஏட்டுச் சுவடிகளைக் காக்கும் சுவடிச்சாலைக்கு ஒப்பிடலாம். சாலையிலுள்ள மூல ஏட்டை எவரும் வெளியே கொண்டு செல்லார். தமக்கு வேண்டிய பகுதியைப் படியெடுத்துக்கொண்டே செல்வர். உயிரணுவும் அவ்வாறே தனக்கு வேண்டிய மரபணுவைப் படியெடுத்து வெளியே அனுப்புகின்றது. அப்படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்பது பெயர். அதன்கண் உள்ள செய்தியின்படியே புரதம் ஆக்கப்படுகின்றது. இச்செயலை மரபணு வெளிப்பாடு என்பர். கண்ணின் உயிரணுவிலும் நாவின் உயிரணுவிலும் உள்ள ஏடுகள் ஒன்றே. படியெடுக்கப்படும் பகுதிகளே வேறு.

உயிரணு புற்றுத்தன்மை அடையும்போது இப்படியெடுப்பின் ஒழுங்கு குலைகின்றது. 'வளர்க' என்னும் ஏவலை ஏற்கும் புரதம் வாய்ப்புற்றில் பெரும்பாலும் அளவிறந்து பெருகுகின்றது. திசுக்களிடையே உள்ள வேலியைக் கரைக்கும் புரதங்களும் மிகுகின்றன. புண் ஆறுங்கால் அளவோடு நின்று உதவுவன இவையே. அளவு கடந்தபோது புற்று அண்டை இடங்களில் புகுதற்கு வழி திறந்துவிடுகின்றன. ஆகவே, எப்படி மிகுந்துள்ளது, எப்படி குறைந்துள்ளது என்று அளந்தால் உயிரணுவின் உள்ளியல்பு ஒருவாறு புலப்படும். இங்ஙனம் நோயின் தன்மையைக் காட்டும் பொருளை உயிர்க்குறி என்பர். சிறு கண்ணாடித் தகட்டின்மேல் பல மரபணுக்களின் படிகளை ஒருங்கே அளக்கும் முறையை, 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக அறிஞர் வெளியிட்டனர். அதன்பின் இத்துறை விரைந்து வளர்ந்தது.

வாயில் எழுந்த புற்று, கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுதல் பெருங்கேடாகும். பரவியதோ இல்லையோ என்னும் ஐயத்தினால், பரவாதவர்க்கும் கழுத்தை அறுத்து முடிச்சுகளை நீக்க நேர்வதுண்டு. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகர அறிஞர், வாயிலும் தொண்டையிலும் தோன்றிய கட்டிகளை ஆராய்ந்து, 102 மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கொண்டு அப்பரவலை முன்னறிய முயன்றனர். அதன் முடிவை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

உமிழ்நீரிலும் இப்படிகள் கலந்துள்ளன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், வாய்ப்புற்றுடையார் 32 பேர், நோயற்றார் 32 பேர் ஆகியோரின் உமிழ்நீரை ஒப்பிட்டனர். ஏழு மரபணுக்களின் படிகள் நோயுடையாரிடத்து மிகுந்திருக்கக் கண்டனர். அவற்றுள் நான்கனைச் சேர்த்து நோக்கியபோது, நோயுடையாரையும் நோயற்றாரையும் நூற்றுக்கு 91 என்னும் அளவில் பிரித்தறிய இயன்றது. இவ்வாய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எனினும், ஒரு குறியை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. அழற்சியைத் தூண்டும் புரதத்தின் படி புற்றிலும் மிகும்; ஈறு வீங்கினும் மிகும். சிலரிடம் கண்ட முடிவு பல நாட்டு மக்களிடத்தும் மெய்யாதல் வேண்டும். ஆதலின், திசுவில் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்து உறுதி செய்யும் முறையே இன்றும் முதலிடம் பெற்று விளங்குகின்றது. உயிர்க்குறிகள் அதற்குத் துணையாய் நிற்பன.

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,77,000 பேர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர் என்பது ஒரு கணக்கு. நம் நாட்டில் இது மிகுந்திருப்பதற்குப் புகையிலையும் பாக்கும் மெல்லும் வழக்கம் பெருங்காரணம். புகையிலை சேராத பாக்கும் புற்று விளைப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு நூலில் தெளிவுறுத்தியுள்ளது.

மரபணுவின் படியைப் படித்தல் அறிஞர் கடன்; வாயைப் பேணுதல் நம் கடன். பொட்டலங்களில் விற்கும் பாக்கையும் புகையிலையையும் தீண்டாதீர்கள். வாயில் தோன்றிய படலமோ புண்ணோ இரண்டு மூன்று வாரங்களில் ஆறாதாயின், வலியில்லை என்று வாளா இராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள பெரியோர்க்கும் இதனைப் பணிவுடன் எடுத்துரையுங்கள். தொடக்கத்தில் கண்ட புற்று, தீர்க்கப்படும் வாய்ப்பு மிகுதியும் உடையது.