கண்ணுக்குத் தெரியாத காயம்

ஆட்டையாம்பட்டி என்றதும் உங்களுக்கு முறுக்கு ஞாபகம் வரும். எனக்குத் தறிச் சத்தம். எங்க அப்பா பாவும் ஊடையுமாகத் துணி நெய்கிற மாதிரியே கார்பன் இழையையும் நெய்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னபோது நம்பவே முடியவில்லை. அந்தத் துணியில் எபாக்சி ரெசின் ஏற்றி, அடுக்கடுக்காக வைத்து, அழுத்திச் சூடேற்றினால் எடை குறைந்த, உறுதியான பலகை கிடைக்கும். 2001 ஜனவரி 4-ல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸ் விமானத்தின் உடற்கட்டில், எடைக் கணக்கில் ஏறக்குறைய 45 சதவீதம் இந்த வகைப் பொருள்தான்.

ஆனால் இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அலுமினியத் தகட்டின் மேல் ஸ்பேனர் விழுந்தால் சொட்டை விழும், பார்த்ததும் தெரிந்துவிடும். கார்பன் பலகையோ வளைந்து கொடுத்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். மேலே கீறல்கூட இருக்காது. உள்ளே ரெசின் வெடித்து, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அடிபட்ட இடத்தில் குறுகலாகவும், உள்ளே போகப்போக அகலமாகவும், கோபுரம் மாதிரி அந்தச் சேதம் பரவும். இழுத்தால் ஓரளவு தாங்கும். அமுக்கினால்தான் வம்பு! பிரிந்த அடுக்குகள் தனித்தனி அட்டைபோல வளைந்து, தாங்க வேண்டிய பாரம் வரும் முன்பே ஒடிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் முதல் வழி நம் அம்மாக்களுக்குத் தெரிந்ததுதான். பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கணீரென்னும். பிரிந்த இடம் பொத்தென்னும். சேதம் ஆழத்தில் இருந்தால் காது ஏமாந்துபோகும். அப்போது அல்ட்ராசானிக் கருவி வேண்டும். அது அனுப்பும் ஒலி, பலகையின் அடிப்பக்கம் வரை போகாமல் பிரிந்த இடத்திலேயே மோதிச் சீக்கிரம் திரும்பிவிடும். திரும்பும் நேரத்தை வைத்து எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம்.

பார்க்காமல் விட்டால்? 2003 ஜனவரி 16-ல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு, கார்பன் இழையைக் கார்பனாலேயே பிணைத்த பொருள். மோதியது படத்தில் பதிவாகியிருந்தது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமென்று பொறியாளர்கள் கேட்டார்கள், நடக்கவில்லை. பிப்ரவரி 1-ல் திரும்பும் வழியில் ஏழு பேரும் மாண்டார்கள்.

நுரைதானே என்று பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஒரு கிலோவுக்கும் குறைவான நுரைத்துண்டை அதே மாதிரி விளிம்பின்மேல் வேகமாகச் சுட்டுப் பார்த்தார்கள். விழுந்த ஓட்டை சுமார் 40 சென்டிமீட்டர். ஒரு ஆள் தலையையே உள்ளே விடலாம்.