பெயரில்லாத புயலும் பினாங்கு வெள்ளமும்

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சனிக்கிழமை. பினாங்கில் பிற்பகலில் பிடித்த மழை இரவாகியும் விடவில்லை. பலத்த காற்றில் மரங்கள் சாய்ந்தன. பல இடங்களில் மின்சாரம் தடைபட்டது. தாழ்வான பகுதிகளில் வீட்டிற்குள் புகுந்த நீர், சில இடங்களில் ஆள் உயரத்தையும் தாண்டியது. விடியற்காலை 3 மணியளவில், அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங் துணைப் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து இராணுவத்தின் உதவியைக் கேட்டார். அவ்வெள்ளத்தில் 7 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் முதியவர்களும் இருந்தனர். ஆயிரக்கணக்கானோர் துயர் துடைப்பு மையங்களில் தஞ்சம் புகுந்தனர்.

இத்தனைக்கும் பினாங்கை நெருங்கியது பெரும்புயல் அல்ல. அதே நாளில் வியட்நாமைத் தாக்கிய சூறாவளிக்கு ‘டாம்ரே’ என்ற பெயர் இருந்தது. பினாங்குப் பக்கம் வந்ததோ பெயர் சூட்டும் அளவுக்குக்கூட வலுப்பெறாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அப்படியிருக்க, இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?

புயலின் வலிமையைக் காற்றின் வேகத்தைக்கொண்டு அளக்கிறோம். அந்த அளவுகோல் மழையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலெழுவதே புயலுக்கு உணவு. நிலத்தின்மீது ஏறியதும் அந்த உணவு குறைகிறது. மலைகளும் மரங்களும் கட்டடங்களும் காற்றை உரசித் தடுக்கின்றன. எனவே காற்று தளர்கிறது. ஆனால், புயல் கடலிலிருந்து சுமந்து வந்த ஈரப்பதம் அதே வேகத்தில் குறைவதில்லை. கடல் அருகிலேயே இருந்தால் புதிய ஈரக்காற்றும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வேகமாகக் கடந்து செல்லும் புயல் தன் மழையைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். மெல்ல நகரும் புயல் ஒரே ஊரின்மீது கொட்டித் தீர்த்துவிடும்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு வீசிய ஃபெஞ்சல் புயல் இதைத் தெளிவாகக் காட்டியது. நவம்பர் 30ஆம் நாள் இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பிறகு பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவானது. புயல் வலுவிழந்தது என்ற செய்தி வந்த பின்னரும் ஆபத்து நீங்கவில்லை. அடுத்து, கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. கடலையே காணாத அவ்வூர் மக்கள் புயல் வெள்ளத்தில் சிக்கினர்.

பினாங்கிற்குத் திரும்புவோம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீர். 300 மி.மீ. மழை பெய்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டும் 30 கோடி லிட்டர் நீர் சேரும். தீவின் நடுவே 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது பினாங்கு மலை. அங்கிருந்து கடலுக்கு உள்ள தூரமோ மிகக் குறைவு. ஆகவே, ஆயர் ஈத்தாம் பக்கம் பெய்யும் மழை விரைவில் கீழிறங்கி, சுங்கை பினாங்கு வழியாக ஜார்ஜ்டவுனுக்கு வந்துவிடுகிறது. அந்நேரம் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்றுநீர் வெளியேற வழியின்றித் தேங்கும். சிமெண்டும் தாரும் மூடிய நகரத்தில் நிலம் நீரை உறிஞ்சுவதும் குறைவு. போதாக்குறைக்கு, 2017 செப்டம்பரிலும் ஒரு வெள்ளம் வந்து போயிருந்தது. அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண்சரிந்து 11 பேர் மாண்டிருந்தனர். அந்தக் காயம் ஆறுவதற்குள் இந்தப் பெருமழை.

பூமத்திய ரேகைக்கு அருகில் புயல் சுழல்வது அரிது என்பது உண்மை. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை இங்கே மிகவும் குறைவு. ஆனால், அரிது என்பதை ‘வராது’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி ஜொகூரில் கரையேறியது. 1996 டிசம்பரில் கிரெக் என்ற புயல் சபாவில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது. ‘புயல் வலுவிழந்தது’ என்ற ஒரு வரியைவிட இவ்விரண்டும் ஒரு குடும்பத்திற்கு அதிகம் பயன்படும். கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் பாட்டியை மேல்தளத்திற்கோ உறவினர் வீட்டிற்கோ அழைத்துச் செல்வதா என்பதை இருட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். மின்சாரம் நின்ற பிறகு, மார்பளவு நீரில் ஒரு முதியவரைத் தூக்கிச் செல்வது எளிதன்று. மழை விட்ட பின்னரும் மலைச்சரிவின் அடியில் குடியிருப்போர் உடனே வீடு திரும்பக்கூடாது. ஊறிய மண் வெயில் அடித்த மறுநாளும் சரியக்கூடும்.