நோய் தெரியுமுன் சோதனை: கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் தயங்குவது ஏன்?

புதுதில்லி: முன்கூட்டியே கண்டறிந்தால் தடுத்துவிடக்கூடிய ஒரு நோயினால் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் உயிரிழக்கின்றனர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் மட்டும் நாட்டில் சுமார் 1.27 லட்சம் பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளாகினர். இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இந்நோயே.

ஆயினும் பரிசோதனைக்கு வருவோர் மிகக் குறைவு. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில்கூட இது 9.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. பல இடங்களில் பரிசோதனை வசதி எட்டும் தொலைவில் இல்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். வசதி இருந்தும் பெண்கள் வராமல் போவதற்கு, நோயைப் பற்றிய அறிவும் நம்பிக்கைகளும் காரணமாகின்றன.

‘எனக்கு ஒன்றும் இல்லையே’

உடல்நலம் குன்றினால்தான் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய வழக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வழக்கமே பெரும் ஆபத்தாகிறது.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஹியூமன் பாப்பிலோமா என்னும் வைரஸ். அது தொற்றிய பெண்களில் பெரும்பாலோரின் உடலே ஓரிரு ஆண்டுகளில் அதனை அகற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிவிடும் வைரஸ், கருப்பை வாயின் உயிரணுக்களில் மெல்ல மாற்றத்தை ஏற்படுத்துகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் இக்காலம் குறுகலாம்.

இந்நீண்ட காலத்தில் வலியோ இரத்தப்போக்கோ பொதுவாக இருப்பதில்லை. உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். அப்போதும் பலர் அதனை உடற்சூடு என்றோ வயதின் இயல்பு என்றோ கருதி நாள் கடத்துகின்றனர்.

நோயின் பெயரை அறிந்திருப்பது மட்டும் ஒருவரைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதில்லை. இதனை அறிவியல் உலகம் பல்லாண்டுகளுக்கு முன்பே உணர்ந்துள்ளது. 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே சோதனைக்கு மக்கள் போதிய அளவில் வராததன் காரணத்தைச் சமூக உளவியலாளர்கள் ஆராய்ந்தனர். அதிலிருந்து உருவானதே ‘உடல்நல நம்பிக்கைக் கோட்பாடு’. இந்நோய் எனக்கும் வரக்கூடும், வந்தால் விளைவு கடுமையாக இருக்கும், சோதனையால் பயனுண்டு, அதற்கான தடைகளைக் கடக்க முடியும் என ஒருவர் நம்பும்போதே அவர் செயலில் இறங்குவார் என்கிறது அக்கோட்பாடு.

அச்சமும் கூச்சமும்

இந்தியச் சூழலில் தடைகள் பல. அந்தரங்க உறுப்பைப் பிறர் சோதிப்பதில் உள்ள கூச்சம், ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற தயக்கம், வலிக்கும் என்ற அச்சம் ஆகியவை முதன்மையானவை. ‘ஏதேனும் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது’ என்ற பயம் அதனினும் பெரிது. கணவரின் அல்லது மாமியாரின் அனுமதி, ஒருநாள் கூலி இழப்பு ஆகியவையும் குறுக்கே நிற்கின்றன.

வைரஸ் பாலுறவு வழியே பரவுவதால், சோதனைக்குச் சென்றாலே ஒழுக்கம் குறித்த ஐயம் எழுமோ என்றும் சிலர் அஞ்சுகின்றனர். பாலுறவு வாழ்வில் உள்ள ஆண், பெண் இருபாலரில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொற்றுவது இயல்பு. பல ஆண்டுகளுக்கு முந்தைய தொற்றுகூடப் பிற்காலச் சோதனையில் தெரியவரலாம். எனவே அதனைக் கொண்டு கணவன், மனைவி எவரையும் ஐயுறுவதற்கு இடமில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் சோதனை தேவையில்லை என்பதும் தவறான எண்ணமே. கருத்தடை அறுவையில் கருப்பை வாய் அகற்றப்படுவதில்லை. தடுப்பூசி செலுத்திக்கொண்டவர்களுக்கும் பரிசோதனை அவசியம்.

மும்பை காட்டிய வழி

இத்தயக்கங்களைக் கடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 1.5 லட்சம் பெண்கள் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் நோயைப் பற்றி எடுத்துக்கூறி, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் சோதனையும் செய்தனர். அப்பிரிவில் 89 சதவீதத்தினர் சோதனைக்கு வந்தனர். 12 ஆண்டுகளில் இந்நோயினால் ஏற்படும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

அங்குப் பயன்படுத்தப்பட்டது எளிய முறையே. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிச் சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், மாற்றம் அடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். அவ்வாறு தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்பதே பொருள். முன்நிலை மாற்றம் உறுதியானால், பெரும்பாலும் கருப்பையை அகற்றாமலேயே அதனைக் குணப்படுத்த முடியும்.

அறிவும் நம்பிக்கையும் சுவரொட்டிகளால் மட்டும் வருவதில்லை என்பதை மும்பை அனுபவம் உணர்த்துகிறது. வீடு தேடி வந்து விளக்கும் ஒருவர், அருகிலேயே சோதனை, அதன்பின் உரிய சிகிச்சை ஆகியவை ஒருங்கே அமைய வேண்டும். கிராமங்களில் ஆஷா பணியாளர்களும் செவிலியர்களும் ஆற்றக்கூடிய பங்கு இதுவே. கணவர்களிடமும் இச்செய்தி சேர்ந்தால் தயக்கம் மேலும் குறையும்.

யார், எப்போது?

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் இன்னும் முன்னதாகவும் அடிக்கடியும் செய்துகொள்வது நல்லது. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ இதுபற்றிக் கேட்டறியலாம்.

2030-க்குள் 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் தரமான சோதனை பெற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு. உடலில் எந்தத் தொல்லையும் இல்லாத நாளே சோதனைக்கு ஏற்ற நாள் என்ற எண்ணம் ஒவ்வோர் இல்லத்திலும் பரவினால்தான் இந்தியா அவ்விலக்கை நெருங்க முடியும்.