கரண்ட் வந்த பிறகும் விழிக்காத மணிக்கூடு

தம்பி, பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். நாவிதன்வெளியிலும் கிட்டங்கிப் பாலத்துக்கு அப்பால் கல்முனையிலும் பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் காட்டும் எல்.ஈ.டி. மணிக்கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போய்த் திரும்பினால் சிலது உடனே நேரம் காட்டும். சிலது இருட்டாகவே நிற்கும்; பிளக்கைக் கழற்றிச் செருகினால்தான் உயிர் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போனபோது இது எவ்வளவு பெரிய தொந்தரவு!

உடனே எல்லோரும் கைவைப்பது 7805இல். மணிக்கூட்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் அது; மலிவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல. சுமை இல்லாமல் விட்டால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் 5 வோல்ட்டுக்கு எழும்பிவிடும். மணிக்கூடு விழிக்காததற்குக் காரணம் 5 வோல்ட் எழும்புவதில் வரும் தாமதம்; அந்தத் தாமதம் ரெகுலேட்டரைச் சுற்றி நாம் வைத்த கெப்பாசிட்டர்களிலும் அவற்றுக்குள் வருகிற கரண்டிலும் இருக்கிறது.

வெளியீட்டுக் கெப்பாசிட்டர் ஒரு வயல் வரவை மாதிரி. வாய்க்காலில் வருகிற தண்ணீர் அளவானது. வரவை பெரிதானால் நீர்மட்டம் ஏற நேரமாகும். கணக்கு எளிது: கொள்ளளவை வோல்ட்டால் பெருக்கி, கிடைக்கிற ஆம்பியரால் வகுக்க வேண்டும். ரெகுலேட்டர் 1 ஆம்பியர் தருகிறது என்று வைப்போம். 100 மைக்ரோபாரட் என்றால் 5 வோல்ட்டை எட்ட அரை மில்லிசெக்கன். 'பெரிசாப் போட்டா நல்லது' என்று 2200 போட்டால் 11 மில்லிசெக்கன். எல்.ஈ.டி. வரிசை தொடக்கத்திலேயே 0.8 ஆம்பியரை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 0.2தான், அதே 2200க்கு 55 மில்லிசெக்கன் ஆகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தொடக்கத்தில் வெளியீடு பூச்சியம், ஆகவே உள்ளே வரும் முழு வோல்ட்டும் சிப்பின் மேலேயே விழுகிறது. அந்த இடைவெளி பெரிதானால் 7805 தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்ட்டைத் தானே குறைத்துவிடும். 24 வோல்ட் கொடுத்தால் வேகமாக எழும்பும் என்று நினைப்பது தவறு; கெப்பாசிட்டர் நிரம்பக் கரண்ட் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் சிப் கையை இறுக்குகிறது. அதிகம் சூடானால் முழுதாக அணைந்து, ஆறி, திரும்பத் தொடங்கும்.

உள்ளீட்டுப் பக்கம் நம் ஊரில் இன்னும் முக்கியம். 7805க்கு வெளியீட்டை விட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக வேண்டும். 6 வோல்ட் டிரான்ஸ்போமரின் உச்சம் 8.5, பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் 1.4 போனால் மிச்சம் 7.1. ஆக 230 வோல்ட் இருந்தாலே நூலிழையில்தான் நிற்கிறது. கரண்ட் திரும்பியதும் ஊரில் உள்ள குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் ஒன்றாக இழுக்க, லைன் 190க்கு இறங்கினால் ரெகுலேட்டருக்குக் கிடைப்பது 5.6. அது சரியாகும்வரை 5 வோல்ட் வராது. சிப்பை எத்தனை தரம் மாற்றினாலும் வராது.

7805க்குப் பதிலாக எல்.எம். 317 ரெகுலேட்டர் போட்ட சர்க்கிட்டானால் ஒன்றைக் கூடப் பாருங்கள். இரைச்சலைக் குறைக்க அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோபாரட் வைப்பார்கள். 5 வோல்ட்டுக்கு அந்தக் காலிலிருந்து தரைக்குப் போகும் தடை வழக்கமாக 720 ஓம். இரண்டின் பெருக்கம் 7.2 மில்லிசெக்கன், முழுதாக நிலைக்க அதைப்போல் ஐந்து மடங்கு. இரைச்சல் குறைந்த புதிய ரெகுலேட்டர்களிலும் இதே பண்டமாற்றுத்தான்: அமைதி கூடினால் தொடக்கம் பிந்தும்.

இந்தச் சில மில்லிசெக்கன்களால் மணிக்கூடு ஏன் படுக்கிறது? மணிக்கூட்டை ஓட்டும் மைக்ரோகொன்ட்ரோலரின் ரீசெட் காலில் ஒரு தடையும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் மட்டும் இருந்தால், வோல்ட் ஏறி முடியும் முன்பே ரீசெட் விட்டுவிடும். புரோகிராம் அரைகுறை வோல்ட்டில் ஓடித் தடுமாறும். கரண்ட் ஒரு கணம் மட்டும் போய் வந்தால் இன்னும் மோசம்: 2200இல் மிச்சமிருக்கும் வோல்ட்டால் ரீசெட் நடக்கவே நடக்காது. பிளக்கைக் கழற்றி வைத்தால் சரியாவதும் அதனால்தான்.

ஆகவே மீற்றரை முதலில் உள்ளீட்டில் வையுங்கள். அங்கே 8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 9 வோல்ட் டிரான்ஸ்போமர் போடுங்கள், ஹீட்சிங்கும் சேர்த்து. பிறகு வெளியீட்டில் 2200ஐக் கழற்றி 100ஐ வையுங்கள். உள்ளே இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் ஏ.டி.மெகா 328 என்றால், வோல்ட் 4.3ஐத் தாண்டும்வரை அதை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் ஏற்பாடு சிப்பிலேயே இருக்கிறது. புரோகிராம் ஏற்றும்போது அதை ஒன் பண்ணிவிட்டால் போதும். ஒரு சதமும் செலவில்லை.