இரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்



சில மாதங்களுக்கு முன்பு திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் நம்முடைய மருத்துவமனைக்கு வந்தார்கள். தகப்பனார் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர். உடனிருப்பவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், மனைவிக்கும் பதினாறு வயது மகளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். மகளுடைய அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது.

"ஐயா, பிள்ளைக்கும் வந்திருச்சுங்க. தட்டு, டம்ளரெல்லாம் தனியா எடுத்து வச்சுட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பலை" என்று தாயார் என்னிடம் அழுதார்கள். அந்தப் பிள்ளைக்கோ இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவன். 'பாசிட்டிவ்' என்றால் வியாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆகவே தாயாரையும் அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் சகோதரி பொறுமையாக விளக்கியதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதே தவறான எண்ணம் நம் சபைகளிலும் பல வீடுகளில் இருக்கிறது.

காசநோய்க் கிருமி ஒருவர் உடலுக்குள் நுழைந்தவுடன் அவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலானோரின் உடல் அதை அடக்கி வைத்துவிடுகிறது. கிருமி தங்கியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வியாதி வெளிப்படுகிறது. மற்றவர்களுக்குச் சளியிலும் கிருமி இருக்காது. அவர்களால் பிறருக்குப் பரவுவதும் இல்லை. உறங்கும் கிருமியைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் ஒரே வழி, 1908 முதல் வழக்கத்திலுள்ள மான்டூ பரிசோதனைதான். கையில் ஊசி போட்டு, 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் வந்து தடிப்பை அளக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு நாள் சம்பளம் போய்விடும். அதுவுமன்றி, குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் அந்தத் தடிப்பு வரக்கூடும்.

இப்போதுள்ள இரத்தப் பரிசோதனை வேறு வழியில் வேலை செய்கிறது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை, ஊர்க் காவல்காரனைப் போன்றது. ஒரு தடவை பார்த்த திருடனை மறப்பதில்லை. மறுபடியும் அவனைக் கண்டால் உடனே விசில் ஊதி மற்றவர்களை எழுப்பும். அந்த விசில்தான் 'இன்டர்ஃபெரான் காமா' என்னும் புரதம். அழற்சியை மூட்டி, கிருமியோடு போராட மற்ற அணுக்களை ஏவுவது அதன் வேலை. 1965ஆம் ஆண்டில் வீலக் என்ற விஞ்ஞானி முதன்முதலில் இதைப் பற்றி எழுதினார்.

பரிசோதனைக்கு நான்கு சிறு குழாய்களில் ஒவ்வொரு மில்லிலிட்டர் இரத்தம் எடுக்கிறார்கள். இரண்டு குழாய்களில் காசநோய்க் கிருமிக்குரிய புரதத் துணுக்குகள் இருக்கும். இவை பி.சி.ஜி. ஊசியில் இல்லாதவை, ஆகையால் தடுப்பூசி போட்டதால் குழப்பம் வராது. ஒரு குழாயில் ஒன்றும் இருக்காது. நான்காவதில் வெள்ளணுக்களைக் கட்டாயம் தூண்டும் மருந்து இருக்கும். அதிலும் விசில் சத்தம் எழவில்லையென்றால் காவல்காரனே களைத்திருக்கிறான் என்று பொருள். அந்தப் பரிசோதனையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. குழாய்களை 16 முதல் 24 மணி நேரம் உடல் சூட்டில் வைக்கிறார்கள்.

பெரியார் பேருந்து நிலையத்து இரைச்சலில் ஒரே ஒரு விசிலை மட்டும் தனியாகக் கேட்பது எப்படி? இரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றனவே! இங்கேதான் 'ஆன்டிபாடி' என்னும் எதிர்ப்பொருள் உதவுகிறது. 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள், எலியின் எதிர்ப்பொருள் உண்டாக்கும் அணுவை, சாகாமல் பெருகும் புற்று அணுவோடு இணைத்தார்கள். அதன் சந்ததி முழுவதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்தது. 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்டர்ஃபெரான் காமாவை மட்டும் பிடித்து, வேறெதையும் தொடாத எதிர்ப்பொருளை இம்முறையில்தான் தயாரிக்கிறார்கள்.

சகோதரி என்னிடம் உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார்கள். அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் அந்த எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கிறது. இரத்தத்தின் தெளிந்த நீரை ஊற்றினால் இன்டர்ஃபெரான் காமா அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி விடலாம். ஒட்டியதன்மேல் போய் ஒட்டும் இரண்டாவது எதிர்ப்பொருளோடு, முள்ளங்கி இனத்தைச் சேர்ந்த ஒரு காரக் கிழங்கிலிருந்து எடுத்த நொதி இணைக்கப்பட்டிருக்கிறது. சாயப்பொருளைச் சேர்த்தால் அந்த நொதி அதை நீலமாக்கும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு இன்டர்ஃபெரான். அதை ஒரு கருவி அளந்து சொல்கிறது.

"அப்போ என் பிள்ளைக்கு நோய் இல்லையாம்மா?" என்று தாயார் கேட்டார்கள்.

"காவல்காரன் திருடனைப் பார்த்திருக்கிறான் என்று மட்டும்தான் இது சொல்லும், அக்கா. திருடன் தூங்குகிறானா, எழுந்துவிட்டானா, எப்போதோ ஓடிப்போனானா என்று இதற்குத் தெரியாது. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்கள் சகோதரி.

அன்பானவர்களே, இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 31 பேரிடம் கிருமித் தொற்று இருப்பது தெரியவந்தது. ஆனால் கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் இருந்ததோ 1,00,000 பேருக்கு 316 பேரிடம்தான். 'பாசிட்டிவ்' என்றவர்களையெல்லாம் தள்ளி வைத்தால், ஆலயத்தில் நம் பெஞ்சில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவரை எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கும்!

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். நோயாளியின் இரத்தத்திலேயே காசநோய்க்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தேடும் பரிசோதனைகள் முன்பு தனியார் கூடங்களில் ஏராளமாய் நடந்தன. அவை நம்பத்தக்கவை அல்ல என்று கண்டு, 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. நான் விவரித்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் ஆய்வுக்கூடத்தின் கருவி மட்டுமே. ஆனாலும் இருமலோடு வருகிறவருக்கு இதுவும் விடையல்ல. அவருக்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வியாதி இல்லை. உறங்கும் கிருமி எழும்பாதபடி வாரம் ஒரு தடவை என்று 12 வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால், வியாதி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இந்தப் பரிசோதனைக்குக் காத்திராமலே தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது அரசு விதி. இதையும் உங்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள்.

தட்டையும் டம்ளரையும் பிரிப்பதால் பயன் இல்லை. காசநோய் காற்றில் பரவுவது. தகப்பனாரையும் வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை.

நம்மால் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு போன்றவை மாதந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாய்க் காசநோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் ஆய்வு வெளியாயிற்று. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி இப்படிப்பட்ட வீடுகளுக்கு அரிசியாகவும் பருப்பாகவும் போய்ச் சேர ஜெபத்தோடு யோசியுங்கள்.

கடைசி மாத்திரை வாங்க வந்த அன்று அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். "தட்டு எங்கேம்மா இருக்கு?" என்று தாயாரைக் கேட்டேன். "எல்லாத்தட்டோடயும்தான் ஐயா" என்று சிரித்தார்கள்.