பால் கொழுப்பும் புற்றுநோயும்

இல்லத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், மருத்துவர் வாய் திறக்குமுன்னே அண்டை அயலார் பத்தியம் கூறத் தொடங்கிவிடுவர். பாலும் நெய்யும் கூடவே கூடா என்பார் ஒருவர்; நெய்யை உருக்கிக் கொடுங்கள் என்பார் மற்றொருவர். இருவர் கூற்றுக்கும் ஆய்வுக்கூடங்களில் சான்று தேடினால் கிடைக்கும் என்பதுதான் வியப்பு.

நம் இரத்தத்தின் வெள்ளணுக்களுள் 'டி' அணுக்கள் எனும் ஒருவகை உண்டு. புற்றாக மாறிய உயிரணுக்களை இனங்கண்டு கொல்வது அவற்றுள் ஒரு பிரிவின் பணி. நாம் உண்ணும் உணவு இவற்றின் வீரியத்தை மாற்றுமா என அறிய விரும்பிய சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்களுள் 255-ஐத் திரட்டிச் சோதித்தனர். 2023 நவம்பரில் வெளியான முடிவில் முன்னணியில் நின்றது, டிரான்ஸ் வாக்செனிக் அமிலம் எனும் கொழுப்பு அமிலம். இதனை மனித உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. மேயும் ஆடுமாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்குகின்றன. பால், வெண்ணெய், இறைச்சி வழியாக நம்மை அடைகிறது.

டி அணுவின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி உண்டு. குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள் வழக்கமாக அதனை இயக்கும். இவ்வமிலமோ அங்கே அமர்ந்து அவ்வியக்கத்தைத் தடுத்துவிடுகிறது. அணுவின் போரிடும் ஆற்றல் பெருகுகிறது. இவ்வமிலம் கலந்த தீனியை உண்ட சுண்டெலிகளுக்குத் தோற்புற்றும் குடற்புற்றும் மெதுவாகவே வளர்ந்தன.

அப்படியானால் நெய்க்கிண்ணத்தை எடுக்கலாமா? சற்றுப் பொறுங்கள். 2025-இல் வெளியான வேறோர் ஆய்வில், வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பு ஆகியவற்றைத் தின்று பருத்த சுண்டெலிகளிடம் புற்றைக் கொல்லும் வெள்ளணுக்கள் தளர்ந்தன. கட்டி விரைந்து வளர்ந்தது. ஒலிவ எண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் தின்றவையும் பருக்கவே செய்தன. ஆயினும் கட்டி அவ்வாறு விரையவில்லை.

வெண்ணெயில் அந்த நல்ல அமிலமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பிரித்தெடுத்து அளந்து கொடுத்த அமிலம் வேறு, கரண்டி கரண்டியாக உண்ணும் நெய் வேறு. சிகாகோ ஆய்வாளரே இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மிகுதியாக உண்ணுமாறு கூறவில்லை. அமிலத்தைத் தனியே துணைமருந்தாகப் பயன்படுத்த இயலுமா என்பதே அவர்கள் நாடுவது.

சிகிச்சைக் காலத்தில் வாய் கசந்து, எடை குறைந்து வருந்துவோருள் சிலருக்குத் தொண்டையில் இறங்குவது ஒரு குவளைப் பால் மட்டுமே. அதனைப் பறிப்பதற்கு இவ்விரு ஆய்வுகளிலும் காரணம் இல்லை. நெய்யின் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.