கவனக்குறைவு என்று முடித்துவிடலாமா?
விபத்தின் வேரைத் தேடும் முறை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் இடையே பல இடங்களில் ஒரு வேலிதான் இருக்கிறது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதற்குப் பிறகு பெரிதும் சிறிதுமாக எத்தனையோ ஆலைகள். இன்று ஒரே வீட்டில் அண்ணன் ஷிப்டு வேலைக்குப் போகிறார். தம்பி கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் பயிரிடுகிறார்.

வேலை செய்யும் இடத்தில் விபத்து நேர்ந்தால் இந்த இருவரும் அதைப் பார்க்கும் விதம் வேறு வேறாக இருக்கிறது. நன்கு நடக்கும் ஆலையில் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள்; இருந்த இடத்தைக் கலைக்காமல் வைக்கிறார்கள்; கூடி உட்கார்ந்து 'ஏன் நடந்தது' என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள். தொழிலாளி 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத அளவு காயமுற்றால், அதை அரசு ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த முறை.

வயலில் அத்தகைய கட்டாயம் இல்லை. 'போதாத காலம்', 'கவனக்குறைவு' என்ற இரண்டு சொற்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அதே மோட்டாரும் அதே இயந்திரமும் அப்படியே ஓடத் தொடங்குகின்றன. அதனால்தான் அதே விபத்து அதே இடத்தில் மீண்டும் நேர்கிறது.

70 நாளில் இரண்டு துயரங்கள்

காரணத்தைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு இருப்பு வைத்திருந்த இடம் வெடித்து 9 பேர் உயிரிழந்தனர். அக்கம்பக்கக் கட்டிடங்களும் இடிந்தன. பக்கத்து உணவகத்தின் எரிவாயு சிலிண்டரே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது.

அடுத்த 70-ஆம் நாள், அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள் உள்ள அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையிலும் கிடங்கிலும் தீப்பிடித்தது. வண்டியிலிருந்து சரக்கு இறக்கும் நேரத்தில் தீ மூண்டது. அன்றே பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி நேர வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் அம்மாபேட்டை என்ற ஒரே ஊரைச் சேர்ந்த பலர் அதில் இருந்தனர். படிப்புச் செலவுக்காகப் போன மாணவர்களும் உண்டு. விசாரணையைக் கர்நாடக அரசு சி.ஐ.டி. போலீசாரிடம் ஒப்படைத்தது.

தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதற்குப் பதில் ஒவ்வொரு இடத்திலும் வேறாக இருக்கலாம். ஆனால் அதைவிட ஆழமான கேள்விகள் இரண்டு இடத்துக்கும் பொது. அவ்வளவு வெடிபொருள் மக்கள் நடமாடும் கடைவீதியில் ஏன் இருந்தது? சரக்கு வைக்கும் இடத்துக்குள்ளேயே ஏன் அத்தனை பேர் வேலை செய்தனர்? தீ மூண்டால் வெளியேற எத்தனை வழி இருந்தது? உரிமம் கொடுத்தவர்கள் பிறகு எப்போது வந்து பார்த்தார்கள்? பொறி எதுவாயினும், இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை கண்டிருந்தால் இழப்பு இவ்வளவு ஆகியிராது.

ஆளா, ஏற்பாடா?

தர நிர்வாகத்துக்குப் பெயர் பெற்றவர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங். அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் பரிசை ஓசூரில் ஆலை வைத்துள்ள டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2002-ல் பெற்றது. பெரும்பாலான குறைகள் வேலை செய்யும் ஆளைச் சேர்ந்தவை அல்ல, வேலை நடக்கும் ஏற்பாட்டைச் சேர்ந்தவை என்பதே டெமிங் வலியுறுத்திய கருத்து. ஆளைத் திட்டினால் அவர் அடுத்த முறை விபத்தை மறைப்பார். ஏற்பாட்டைத் திருத்தினால் அடுத்து வரும் ஆளும் பிழைப்பார்.

இதற்கு ஜப்பான் டொயோட்டா ஆலையில் வளர்ந்த எளிய முறை ஒன்று உண்டு. 'ஏன்' என்று ஒரு முறை கேட்டு நிறுத்தாமல், கிடைத்த பதிலைப் பார்த்து மீண்டும் 'ஏன்' என்று ஐந்து தரம் கேட்பதுதான் அது. இதற்குப் பணம் செலவில்லை. பெரிய படிப்பும் வேண்டியதில்லை. இதை வயலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

ஒரு பம்பு செட் உதாரணம்

விடியற்காலையில் தண்ணீர் திறக்கப் போனவருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டதும் ஷாக் அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஏன்? ஈரக் கையோடு, செருப்பில்லாமல் தொட்டார். பெரும்பாலும் இங்கேயே விசாரணை முடிந்துவிடும். 'கவனக்குறைவு' என்று பெயரும் வைத்தாகிவிடும்.

ஈரக் கையாயினும் பெட்டியில் ஏன் மின்சாரம் இருந்தது? உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து இரும்புப் பெட்டியில் உரசியது.

உரசினாலும் அது ஏன் பூமிக்குள் இறங்கவில்லை? எர்த் கம்பி பெட்டியோடு இணைக்கப்படவில்லை.

ஏன் இணைக்கப்படவில்லை? சென்ற கோடையில் பழைய ஸ்டார்ட்டர் எரிந்தபோது புதியதை மாட்டினார்கள். அப்போது எர்த் கம்பியை விட்டுவிட்டார்கள்.

அதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? எர்த் கம்பி இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் ரிப்பேர் முடிந்தது என்று கூலி கொடுத்து அனுப்பும் வழக்கமே காரணம்.

வேர் இங்கேதான் இருக்கிறது. 'இனிமேல் ஈரக் கையோடு தொடாதே' என்று சொல்வதால் அந்த ஒருவர் சில நாள் ஜாக்கிரதையாக இருப்பார். 'எர்த் சோதித்துக் காட்டிய பிறகே ரிப்பேர் கூலி' என்று வைத்துக்கொண்டால் அந்தக் கிணற்றடிக்கு வரும் அனைவருக்கும் பாதுகாப்பு. எர்த் குழியில் உப்பும் கரியும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைத் தக்க மின் பணியாளரைக் கொண்டு பொருத்துவது மேலும் நல்லது.

கதிரடிக்கும் இயந்திரம் தந்த பாடம்

விசையால் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்கள் பரவிய காலத்தில் வட மாநிலங்களில் பலர் கை, விரல்களை இழந்தனர். தூக்கக் கலக்கம், கவனமின்மை என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் கதிரை உள்ளே தள்ளும் வாய் குட்டையாக இருந்தால், யாராயினும் கை சுழலும் உருளையை எட்டிவிடும். வாயை நீளமாக அமைத்து அதன் மேல் மூடியும் போட்டுவிட்டால், தூக்கக் கலக்கத்திலும் கை எட்டாது. இத்தகைய பாதுகாப்பை இயந்திரம் செய்பவரே தர வேண்டும் என்ற நோக்கில் 1983-ல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

கேழ்வரகு கதிரடிப்போரும், மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம் வைத்திருப்போரும் தம் இயந்திரத்தின் வாயை இன்றே ஒரு முறை பார்ப்பது நலம். கை நீட்டினால் கத்தியை எட்டுமானால், குறை இயந்திரத்தில்தான்.

மருந்து தெளிப்பில்

மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். முகமூடி, கையுறை அணியாததே காரணம் என்றனர் பலர். நடந்ததை ஆராய்ந்தபோது பல காரணங்கள் ஒன்று சேர்ந்திருந்தது தெரிந்தது. அவ்வாண்டு பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்ததால் தெளித்த மருந்து முகத்திலேயே விழுந்தது. புதிய விசைத் தெளிப்பான்கள் மருந்தை மிக நுண்ணிய துளிகளாக்கின. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்திருந்தனர். வெயிலும் புழுக்கமும் மிகுதியாக இருந்தன. அந்தப் புழுக்கத்தில் முகமூடி அணிந்து வேலை செய்வதும் எளிதல்ல.

ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளில் பசுமைக்குடில் ரோஜா பயிரிடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். குடிலுக்குள் காற்றோட்டம் குறைவு, செடியும் உயரம். தெளித்தவருக்குத் தலைசுற்றல் வந்தால், 'அவருக்கு உடம்பு சரியில்லை' என்று விட்டுவிடாமல், என்ன மருந்து, எதனோடு கலந்தது, எந்த நேரம், பக்கத் திரைகள் திறந்திருந்தனவா என்று கேட்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை

1. முதலில் ஆளைக் காப்பாற்ற வேண்டும். ஷாக் அடித்தவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். 108-க்குத் தகவல் தர வேண்டும். மருந்து நஞ்சானால் டப்பாவையும் அதன் லேபிளையும் டாக்டரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

2. காரணம் தெரியும் வரை அந்த இயந்திரத்தை ஓட்டக் கூடாது. இடத்தைக் கழுவித் துடைக்கவும் கூடாது. போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

3. பார்த்தவர்களிடம் அன்றே தனித்தனியாகக் கேட்க வேண்டும். குற்றம் சாட்டும் தொனி கூடாது. கூலியாட்கள் உண்மை சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும்.

4. ஐந்து தரம் 'ஏன்' கேட்டு, பதில்களை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு ஆளின் பெயரில் போய் நின்றால் விசாரணை முடியவில்லை என்று பொருள்.

5. எதைத் திருத்துவது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று குறிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அது நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

தப்பியதும் விபத்தே

சுருக்கென்று லேசாக ஷாக் அடித்தது, டிராக்டர் வரப்பில் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது, துண்டு மட்டும் பெல்ட்டில் சிக்கிக் கிழிந்தது - இவற்றைச் சிரித்துப் பேசி மறந்துவிடுகிறோம். யாருக்கும் காயமில்லாமல் கிடைக்கும் இந்த எச்சரிக்கைக்கும் அதே ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டால், பெரிய விபத்துக்கு இடமே இராது.

களையை மேலாகக் கிள்ளினால் அடுத்த மழைக்கு மீண்டும் தழைக்கும் என்பதை உழவர் பெருமக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விபத்தும் அப்படித்தான். இந்த வாரம் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது, எர்த் கம்பி ஸ்டார்ட்டர் பெட்டியோடு இணைந்திருக்கிறதா என்று மின் பணியாளரைக் கொண்டு பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.